சூட்டில் பிடி தளரும் தூண்

மெட்ராஸில் என் கல்லூரியில் எனக்கு ‘வெந்நீர் டீச்சர்’ என்று பெயர். நேருக்கு நேர் யாரும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் காதைத் திருகியிருப்பேன். கட்டடத்தைத் தாங்க மண்ணுக்குள் இறக்கும் கான்கிரீட் தூணை எங்கள் தொழிலில் பைல் என்போம். அடியில் பாறை கிடைக்காத இடத்தில், சுற்றியுள்ள மண் இறுக்கிப் பிடித்துக்கொள்வதால்தான் அந்தத் தூண் நிற்கிறது. நான் களிமண்ணையும் கான்கிரீட் கட்டியையும் ஒரு பெட்டிக்குள் வைத்து, சுற்றிலும் வெந்நீர் ஓடவிட்டு, சூடேறினால் அந்தப் பிடி என்னவாகிறது என்று வருஷக்கணக்காக அளந்துகொண்டிருந்தேன். “நம்ம ஊர்ல யாரும்மா பைலை வேகவைக்கிறாங்க?” என்று துறைத்தலைவர் ஒரு கூட்டத்தில் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, பெட்டியை மூடவும் இல்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் கோலாலம்பூரில் ஒரு கருத்தரங்குக்குப் போயிருந்தேன். மெட்ராஸில் என்னோடு படித்த சந்திரன் அங்கே கட்டட ஆலோசகனாகக் கொடிகட்டிப் பறந்துகொண்டிருந்தான். கடைசி நாள் என்னைப் பிடித்துக்கொண்டான். “திலகா, கேமரன் மலைக்கு வா. உங்க ஊட்டி மாதிரிதான். ஒரு தேயிலை ஃபேக்டரி, ஒரு பைல் சோதனை, ஒரு கையெழுத்து. மத்த நேரமெல்லாம் ஸ்ட்ராபெரி சாப்பிடு.” ஓசியில் ஊட்டி என்றால் யார் வேண்டாம் என்பார்கள்? கிளம்பிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை மலையடிவாரத்துத் தாப்பா ஊரில் பசியாறினோம். காலைச் சாப்பாட்டை இங்கே பசியாறல் என்கிறார்கள். ஊரில் ‘டிபன் ஆச்சா’ என்று இங்கிலீஷைக் கலந்து கேட்டுக்கொண்டிருக்கும் எனக்கு, சாப்பாட்டுக் கடைக்காரர் “பசியாறிட்டீங்களாம்மா?” என்று கேட்டதும் வெட்கமாகப் போய்விட்டது. ரொட்டி சானாய் நம் பரோட்டாவுக்குத் தம்பி. அண்ணனைவிட மெலிசு, அண்ணனைவிட ருசி. இரண்டு முடித்து மூன்றாவதுக்குக் கை நீட்டியபோது சந்திரன் கடிகாரத்தைப் பார்த்தான். நான் அவனைப் பார்க்காமல் சாப்பிட்டேன்.

மலையேறும் பாதையில் வளைவுகளை எண்ணத் தொடங்கி, நாற்பதுக்கு மேல் வயிறு புரட்டியதால் விட்டுவிட்டேன். பாதி மலையில் சந்திரனின் புதுக் காரின் முன்பக்கத்திலிருந்து ஆவி புஸ்ஸென்று வந்தது. தண்ணீர் வற்றி ரேடியேட்டர் கொதித்துவிட்டது. மலைப்பாதையில் மூடியைத் திறக்கப் பயந்துகொண்டு அவன் நிற்க, கீழே முட்டைக்கோஸ் இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பிய ஒரு லாரியை நான் கை காட்டி நிறுத்தினேன்.

“திலகா, அது காய்கறி லாரி.”

“நானும் முட்டைக்கோஸுக்குக் குறைஞ்சவ இல்ல” என்று பெட்டியைத் தூக்கிப் போட்டு ஏறிக்கொண்டேன். ஓட்டுனர் மலைமேல் கோலா தெர்லா என்ற ஊரைச் சேர்ந்த சீனர்; பக்கத்து ஊரான ரிங்லெட் கடைத்தெருவில் பழகிய தமிழ் அவருக்கு இருந்தது. எந்தத் தோட்டம் என்று கேட்டார். சொன்னேன். ஸ்டீரிங்கைத் தட்டிச் சிரித்தார்.

“ஓ, அந்த ஃபேக்டரியா? கொஞ்சம் கொஞ்சமா கீழ போற ஃபேக்டரி! அம்மா சீக்கிரம் போய்ப் பாரு. அப்புறம் கூரை மட்டும்தான் இருக்கும்லா.”

ஒரு கையெழுத்து வேலை என்று சந்திரன் சொன்னது அப்போதே எனக்கு இடறியது. ஒரு மலைக்கே தெரிந்த சங்கதியை என்னிடம் மட்டும் ஏன் சொல்லவில்லை?

ரிங்லெட்டைத் தாண்டி, அணைக்கட்டின் தண்ணீரை விட்டு மேலே ஏறியதும் தோட்டத்து வாசல். குடையோடு ஒரு பெரியவர் நின்றிருந்தார். தோட்டத்துக் கிராணி தம்பையா, அதாவது ஆபீஸ் கணக்குவழக்கெல்லாம் பார்ப்பவர். லாரியிலிருந்து நான் குதித்ததைப் பார்த்தார். பிறகு எனக்குப் பின்னால் பார்த்தார். அப்புறம் லாரிக்குள்ளே எட்டிப் பார்த்தார்.

“எஞ்சினியர் ஐயா எங்கம்மா?”

“இங்கேதான் நிக்கிறாரு.”

பாவம், குடையை யாருக்குப் பிடிப்பது என்று தெரியாமல் தானே பிடித்துக்கொண்டு நடந்தார்.

தங்கிய பங்களாவில் குளிர் காய ஒரு கணப்பு, வெள்ளைக்காரன் விட்டுப்போன சாய்வு நாற்காலி, கனமான கம்பளி. கோத்தகிரியில் இதைவிடக் குளிர் பார்த்தவள் நான். ஆனால் கோத்தகிரித் தேயிலை அரும்புமீசைபோலக் கட்டையாக நிற்கும். இங்கே மலை மலையாக உருண்டு போகிறது, கண்ணுக்கு முடிவு தெரியவில்லை. சாயங்காலம் சந்திரன் வந்து சேர்ந்தான். கார் இனி கொதிக்காது என்றான். அவன் முகம்தான் கொதித்துப்போயிருந்தது.

திங்கள் காலை ஃபேக்டரிக்குப் போனோம். சரிவில் மண் கொட்டி நிரவிய இடத்தில் புதிதாகக் கட்டிய பகுதி அது. தேயிலைத் தூளைக் காயவைக்கும் இயந்திரமும், அதற்கு வெப்பக் காற்று கொடுக்கும் விறகு அடுப்பும் அங்கே. அடுப்பு என்றால் நம் வீட்டு அடுப்பு இல்லை; ஓர் அறை அளவு செங்கல் சூளை, இரும்புக் கதவு போட்டது. அதன் அடியில் இருபதடி பைல்கள். பாறை வரை போகவில்லை. மண் பிடிதான் தாங்கவேண்டும். வரைந்தது சந்திரன்.

அந்த அடுப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. தரையில் என் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு விரிசல்.

சோதனைக்கென்றே அடுப்பை ஒட்டி, சூட்டுச் சாம்பலை இழுத்துத் தள்ளும் குழிக்குப் பக்கத்தில், தனியாக ஒரு பைல் இறக்கியிருந்தார்கள். அதன் தலைமேல் பலகை மேடை கட்டி, உர மூட்டைச் சாக்குகளில் மணல் நிரப்பி அடுக்கியிருந்தது. உண்மையான பைல் சுமக்கும் பாரம் எவ்வளவோ அவ்வளவு. பக்கத்தில் கடிகாரம் மாதிரி ஒரு டயல் கேஜ். பைல் மயிரிழை இறங்கினாலும் அதன் முள் காட்டிக்கொடுக்கும். காலையிலிருந்து மத்தியானம் வரை குந்தியிருந்து பார்த்தேன். பாரம் ஏற்றும்போது கொஞ்சம் இறங்கிய முள், அப்படியே செத்தமாதிரி நின்றுவிட்டது.

“பாத்தியா? இதுக்கு முன்னால ரெண்டு தடவ பண்ணோம், ரெண்டு தடவயும் இதேதான்” என்றான் சந்திரன். “பைல்ல குத்தமில்ல. தண்ணிதான் காரணம்.” டைப் அடித்த அறிக்கையை நீட்டினான். அடுப்பில் வேலை செய்யும் தொழிலாளி தினமும் சாம்பல்மேல் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றியதால் அடிமண் ஊறி அடுப்பு சாய்ந்தது என்று எழுதியிருந்தது. கீழே என் பெயர், அதன்மேல் கையெழுத்துக்கு இடம்.

“யாருடா அந்தத் தொழிலாளி?”

“யாரோ ஒருத்தன். சஸ்பெண்ட் பண்ணிட்டாங்க. வியாழக்கிழமை விசாரணை. உன் கையெழுத்து இருந்தா அதோட முடிஞ்சிரும்.”

முடிவது அறிக்கையா, ஆளா? பேனாவை வாங்கி என் பையில் போட்டுக்கொண்டேன். சாம்பல் குழியைப் பார்த்தேன். துடைத்துவிட்ட மாதிரி சுத்தம். அடுப்புச் சுவரில் உள்ளங்கையை வைத்தேன். சில்லென்றிருந்தது. அப்போதுதான் உறைத்தது: தேயிலை ஃபேக்டரிக்குள் அரை நாளாக இருக்கிறேன், தேயிலை வாசனையே இல்லை.

“கிராணி ஐயா, இன்னிக்கி ஏன் அடுப்பு எரியல?”

“நீங்க வந்திருக்கீங்கல்ல” என்றார் தம்பையா, இதென்ன கேள்வி என்பதுபோல. “புகை, சூடு எல்லாம் உங்களுக்கு ஆகுமா? வெளியாள் வந்தா முந்தின நாளே அடுப்பை அணைச்சு, சாம்பல அள்ளி, தரையைக் கழுவிருவோம். வெள்ளைக்கார துரைங்க காலத்துலேர்ந்து அதான் இங்க பழக்கம்.”

“இதுக்கு முந்தி ரெண்டு தடவை சோதிச்சப்போ?”

“அப்பயும்தான். மரியாதைன்னு ஒண்ணு இருக்குல்லம்மா.”

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நெருப்புக்கு அடியில் நிற்கவேண்டிய தூணை, மரியாதை, மரியாதை என்று மூன்று தடவையும் ஆறவைத்துச் சோதித்திருக்கிறார்கள்! ஜுரம் வந்தவனை ஜுரம் விட்டபிறகு பார்த்துவிட்டு உடம்புக்கு ஒன்றுமில்லை என்று சீட்டு எழுதிக்கொடுக்கும் டாக்டர் வேலை. அந்தச் சீட்டில்தான் நான் கையெழுத்துப் போடவேண்டுமாம்.

சாயங்காலம் நானே விசாரித்துக்கொண்டு தொழிலாளர்கள் இருக்கும் லயன் வீடுகளுக்குப் போனேன். சஸ்பெண்ட் ஆனவர் பெயர் சவரிமுத்து. வரிசையில் கடைசி வீடு. வாசலில் கூடையைக் கழுவிக்கொண்டிருந்த அவர் மனைவி பாக்கியம், நான் யார் என்று சொன்னதும் நிமிர்ந்தாள்.

“ஓ. கையெழுத்து போட வந்த ஆளு நீங்கதானா? நல்லாப் பாத்துக்குங்க. இதான் வீடு. அவருக்கு வேல போச்சுன்னா ஒரு மாசத்துல இதக் காலி பண்ணணும். நான் கொழுந்து எடுக்கறவ, ஆனா வீடு அவரு பேர்ல இருக்கு. ரெண்டு புள்ளைங்க இங்கதான் பள்ளிக்கூடம் போவுது. எங்க போவோம்? லெம்பா பெர்த்தாம்ல காய்கறித் தோட்டத்துக்காரன் கொட்டாயிலயா?”

“நான் இன்னும் போடலைம்மா.”

“போடமாட்டேன்னு சொல்லலையே!”

அவள் சொன்னது நியாயம்தான். உள்ளேயிருந்து சவரிமுத்து வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும், புருவம் பாதி கருகிப்போன மனிதர். உட்காரச் சொன்னார். பாக்கியம் கோபம் குறையாமலே சோறு போட்டாள். நெத்திலிச் சம்பலும் கடுகுக் கீரையும். கோபத்தில் அரைத்த மிளகாய் என்று நாக்குக்குத் தெரிந்தது. பங்களாவில் வெள்ளைத் தட்டில் வைத்த உப்புச்சப்பில்லாத சூப்புக்கு இது ஆயிரம் மடங்கு மேல்.

“தண்ணி ஊத்துனீங்களா?” என்று நேராகக் கேட்டேன்.

“ஊத்துனேன் மேடம். சாம்பல் பறக்காம இருக்க ஒரு வாளி தெளிப்பேன். பழைய அடுப்புலயும் பதினெட்டு வருசம் தெளிச்சேன். அது சாயலையே?” கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார். “ஒண்ணு சொல்றேன், யாரும் காது குடுக்கல. ஞாயித்துக்கெழம அடுப்பு ஆறிக் கெடக்கும், அப்ப கதவுக் கீல நேராக்கி வப்பேன். திங்கக்கெழம வெள்ளனா மூட்டுறப்ப கதவு நல்லா மாட்டும். சூடு ஏறி ஒரு நாள் ஆச்சுன்னா மாட்டாது, கம்பி போட்டு நெம்பணும். ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கூடிக்கிட்டே வருது. தண்ணியாலன்னா ஞாயித்துக்கெழமயும் எறங்கணும்ல? அது மூட்டுனாத்தான் எறங்குது.”

சோற்றுக் கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வருஷக்கணக்கில் வெந்நீர்ப் பெட்டியில் நான் பார்த்ததை இந்த மனிதர் ஓர் இரும்புக் கதவில் பார்த்திருக்கிறார்.

அவருக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். களிமண்ணில் மண்துகளுக்கு நடுவே தண்ணீர் இருக்கும். சூடேறினால் துகளைவிடத் தண்ணீர் அதிகம் உப்பும். களியில் அது சட்டென்று வெளியேற வழியில்லை. உப்பிய தண்ணீர் துகள்களை நெட்டித் தள்ளும், தூண்மேல் அவை அழுத்துவது குறையும், பிடி தளரும். கான்கிரீட்டும் சும்மா இராது. சூட்டில் நீளும், ஆறினால் சுருங்கும், மண்ணை உரசிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு முறையும் தூண் மயிரிழை இறங்கும். ஆறியபிறகு மண் மறுபடி பிடித்துக்கொள்ளும், ஆனால் இறங்கியது இறங்கியதுதான். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். மெதுவாகச் சூடேறி, தண்ணீர் வெளியேற அவகாசம் கிடைத்தால் சில மண் முன்னைவிட இறுக்கமாகவே பிடிக்கும். இந்த மண் எந்த ரகம் என்று அடுப்பை மூட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

“அப்ப மூட்டிப் பாருங்க” என்றாள் பாக்கியம்.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் மானேஜரிடம் போனேன். செரம்பான் பக்கத்து ஆள். நல்ல இங்கிலீஷ், நல்ல சட்டை. பாரத்தை இறக்காமல் அடுப்பை மூட்டச் சொன்னேன். பக்கத்தில் நின்ற சந்திரன் என்னை முந்திக்கொண்டு, தேவையில்லை என்றான். மானேஜர் கையை விரித்தார். “அந்த அடுப்பு பழகின ஆள் சஸ்பென்ஷன்ல இருக்கான், மாத்து ஆளுக்கு நீங்க வர்றதால லீவு குடுத்தாச்சு. நீங்க விருந்தாளி, போய் மலையைச் சுத்திப் பாருங்க.”

“நான் விருந்தாளி இல்ல சார். என் பேர் டைப் அடிச்சிருக்கு.”

ஃபேக்டரிக்குப் போய்ப் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு விறகைத் தூக்கினேன். கல்லூரியில் யாராவது பார்த்திருந்தால் வேலை போயிருக்கும். அரை மணி நேரம் போராடினேன். புகை வந்தது, இருமல் வந்தது, நெருப்பு மட்டும் வரவில்லை. இலை வாட்டும் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். வாழ்க்கையில் நான் பற்றவைத்த பெரிய அடுப்பு பிரைமஸ் ஸ்டவ்தான், என்ன செய்ய!

பின்னாலிருந்து ஒரு கை என் கையிலிருந்த விறகை வாங்கியது. சவரிமுத்து.

கிராணி தம்பையா ஓடிவந்தார். “ஏய், நீ உள்ள வரக்கூடாது! ஆர்டர் இருக்கு! உம்மேல இன்னொரு கேஸ் ஆயிரும்!”

“போலீசக் கூப்பிடுங்க கிராணி. அவங்க மலையேறி வர்றதுக்குள்ள அடுப்பு புடிச்சிரும்.”

எதிர்த்துப் பேசுகிறோம் என்ற படபடப்பே அவரிடம் இல்லை. சின்னச் சுள்ளி, அதன்மேல் குறுக்காகப் பெரிய கட்டை, ஒரு தீக்குச்சி. பத்து நிமிஷத்தில் அடுப்பு கர்ஜித்தது. மானேஜர் வந்து பார்த்தார். எனக்காக ஃபேக்டரியை நிறுத்தியதில் முந்தின நாள் இலை தொட்டி தொட்டியாக வாடிக் கிடந்தது. இன்னும் விட்டால் குப்பைதான். “எரியட்டும். இலையாவது தப்பிக்கும்” என்றார். திரும்பும்போது சவரிமுத்துவிடம் சொன்னார்: “உத்தரவில்லாம உள்ள வந்ததையும் சேத்து எழுதப்போறேன்.”

நான் முள்ளுக்கு முன்னால் உட்கார்ந்தேன். சூட்டுச் சாம்பல் குழியில் விழ விழ பைலின் தலையும் சூடேறியது. மத்தியானம் முள் நகர்ந்தது. மேல்பக்கமாக!

சந்திரன் கையைத் தட்டினான். “பாத்தியா, மேல வருது! சூடு ஏறினா உன் பைல் வளருது திலகா! வெந்நீர் ஊத்தி வளத்தது வீண்போகல!”

புருஷனுக்குச் சோறு கொண்டுவந்திருந்த பாக்கியத்தின் முகம் செத்துப்போனது. கூடியிருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். சவரிமுத்து விறகு தள்ளிக்கொண்டிருந்தார். எனக்கும் பயம்தான். இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். கான்கிரீட் நீள்வதால் தலை முதலில் மேலே வரும், மண்ணுக்குள் சூடு பரவிய பிறகுதான் பிடி தளரும் என்று புத்திக்குத் தெரியும். ஆனால் பெட்டியில் பார்த்தது வேறு, ஒரு குடும்பத்தை எதிரே உட்காரவைத்துப் பார்ப்பது வேறு. மண் இன்னொரு ரகமாக இருந்து தூணை இன்னும் இறுக்கிவிட்டால்? நானே அந்த மனிதரை ஃபேக்டரிக்குள் இழுத்து இரண்டாவது குற்றத்தில் மாட்டிவிட்டேன் என்றாகும்.

“நாளைக்குப் பாக்கலாம்” என்றேன், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

“அடுப்ப அணைக்காதீங்க” என்றேன் சவரிமுத்துவிடம் மட்டும்.

புதன்கிழமை காலை நான் போனபோது, முறைபோட்டு முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி வழியிலேயே ஓடிவந்தாள். “டீச்சரம்மா, எறங்குது! எறங்குது!” எத்தனையோ பரிசோதனை செய்திருக்கிறேன், முள்ளைப் பார்க்க நான் ஓடியது அன்றைக்குத்தான். மேலே ஏறியதெல்லாம் திரும்பிவிட்டது. புறப்பட்ட கோட்டைத் தாண்டிக் கீழே வந்திருந்தது. மணல் மூட்டையில் ஒன்றுகூடக் கூட்டவில்லை, ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றவில்லை. வெறும் சூடு.

மத்தியானம்வரை நின்று பார்த்தோம். இறங்கிக்கொண்டேயிருந்தது. பாக்கியம் என் கையைப் பிடித்து அழுத்தினாள். தேயிலைக் காம்பு கீறிய சொரசொரப்பான கை.

சந்திரன் என்னை வெளியே கூட்டிப்போனான். ரிங்லெட் கடை ஒன்றில் தே தாரேக் வாங்கிக் கொடுத்தான். ஒரு முழம் உயரத்திலிருந்து ஆற்றி ஊற்றிய டீயில் நுரை ததும்பியது. அவன் குடிக்கவில்லை. “நான் சூட்டை யோசிக்கல திலகா. யார் யோசிக்கிறாங்க? இது வெளிய வந்தா என் ஆபீஸை மூடணும். அவனுக்கு வேற தோட்டத்துல வேல வாங்கித் தர்றேன், சத்தியமா. நீ கையெழுத்து மட்டும்…”

“யோசிக்காதது தப்பில்ல சந்திரா. நானும்தான் உலகத்துல எல்லாத்தையும் யோசிச்சேனா? தெரியாம செஞ்சதுக்கு, தெரிஞ்சு ஒருத்தன் தலைல பழி போடுறே பாரு, அதுக்கு உனக்கு மன்னிப்பே கிடையாது. அவன் பேர்கூட உனக்குத் தெரியாது.”

“தெரியும்” என்றான் மெல்ல. “சவரிமுத்து.”

“அப்ப இன்னும் மோசம்” என்று எழுந்தேன். டீ மட்டும் அருமையாக இருந்தது. அதை விட்டுவிட்டு வர மனசில்லாமல் மிச்சத்தை நின்றபடியே குடித்தேன்.

வியாழக்கிழமை தலைமை ஆபீஸிலிருந்து விசாரணை அதிகாரி வந்தார். ஐம்பது வயது மலாய்க்காரர், கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டை. ஆபீஸ் அறையில் மின்விசிறி, நாற்காலிகள், தட்டில் கேக்கு எல்லாம் தயாராக இருந்தன. கிராணி ஆள்மேல் ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார், அடுப்பை அணைக்கச் சொல்லி. பெரிய துவான், நம் பேச்சில் பெரிய துரை, வந்திருக்கிறார், ஃபேக்டரிப் பக்கம் வந்தால் புகையாக இருக்குமே! சவரிமுத்துவிடமிருந்து ஒரே பதில்தான் வந்தது. “விசாரணைய அடுப்புகிட்ட வைக்கச் சொல்லு. இல்லன்னா நான் வரல.”

மானேஜருக்கு முகம் சிவந்தது. அதிகாரி மலாயில் என்னவென்று கேட்டார். என்ன பதில் சொன்னார்களோ, அவர் எழுந்து, “சாய்ந்த அடுப்பைப் பார்க்கத்தானே வந்தேன்?” என்று நடக்கத் தொடங்கினார்.

அடுப்பின் முன் உட்கார நாற்காலி இல்லை. எல்லோரும் நின்றோம். அதிகாரி குற்றக் கடிதத்தை வாசிக்கத் தொடங்கி இரண்டாவது வரியில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேர்வையைத் துடைத்தார். நான்காவது வரியில் மேல் பொத்தானைக் கழற்றினார். நான் முள்ளைக் காட்டினேன். எங்கே புறப்பட்டது, எங்கே ஏறியது, எங்கே வந்து நிற்கிறது என்று நேரம்வாரியாக எழுதியதைக் கொடுத்தேன். அவர் நிதானமாகப் படித்தார். பிறகு சந்திரனைப் பார்த்துக் கேட்டார்:

“இது தண்ணீரால் இறங்கியதா?”

சந்திரன் என்னைப் பார்க்கவில்லை.

“இல்லை” என்றான். “சூட்டால். பைல் என்னுடையது.”

அந்த ஒரு சொல்லுக்காக அவன்மேல் பாதிக் கோபம் போனது. மீதி இன்னும் இருக்கிறது.

அதிகாரி சவரிமுத்துவிடம் திரும்பி, தடை இருக்கும்போது உள்ளே வந்தது உண்மையா என்று கேட்டார். உண்மை என்று மலாயிலேயே பதில் சொன்னார் சவரிமுத்து. “மூட்டினதும் நான்தான், இரண்டு நாளாக எரியவிட்டதும் நான்தான். இங்கே நின்றுகொண்டு அணைக்கச் சொல்லுங்கள் துவான், அணைக்கிறேன்.” அதிகாரி பின்னால் வாடிக் கிடந்த இலையையும், காய்ந்து விழுந்த தூளையும் பார்த்தார். அணைக்கச் சொல்லவில்லை. குற்றக் கடிதம் இரண்டும் ரத்து, நாளை முதல் வேலைக்கு வரலாம் என்றார். அவ்வளவுதான் என்று எல்லோரும் நகர்ந்தார்கள்.

சவரிமுத்து நகரவில்லை. “இன்னும் ஒண்ணு இருக்கு” என்றார் தமிழில், கிராணியைப் பார்த்து. “தோட்டத்துக்கு நஷ்டம் பண்ணுனவன்னு என் பேர பெரட்டுல நிக்கவச்சு வாசிச்சீங்க. என் பொஞ்சாதி அந்த வரிசையில நின்னா. தப்பு என்னுது இல்லன்னு அங்கயே வாசிக்கணும். இங்க சொன்னா அடுப்புக்குத்தான் கேக்கும். வாசிக்கலன்னா நாளைக்கு நான் வேலைக்கு வரல.”

பெரட்டு என்றால் தினமும் விடியற்காலை தோட்டத்து ஆட்கள் மொத்தமும் களத்தில் வரிசையாக நின்று பேர் கொடுக்கும் கூட்டம். மானேஜர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதிகாரி முந்திக்கொண்டார். “வாசியுங்கள்.”

வெள்ளிக்கிழமை நான் கிளம்பவேண்டிய நாள். கோலா தெர்லா லாரிக்காரரை எட்டு மணிக்கு வரச்சொல்லிவிட்டு, பல்கூடத் தேய்க்காமல் பெரட்டுக் களத்துக்கு ஓடினேன். மலைமேல் பனி இறங்கியிருந்தது. கூடையும் தலைமேல் துணியுமாகப் பெண்கள், பின்னால் ஆண்கள். சவரிமுத்து ஆண்கள் வரிசையில் நின்றார். பாக்கியம் முன்வரிசை.

தம்பையா காகிதத்தைக் கண்ணருகே பிடித்துக்கொண்டு வாசித்தார். சட்டைப் பொத்தானுக்குச் சொல்கிற மாதிரி, வாய்க்குள்ளேயே, வேகவேகமாக. ‘மேற்படி தொழிலாளி’ என்பதைத் தவிர எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை. வாசித்து முடித்து மடிக்கப்போனார்.

“கேக்கல கிராணி!” என்றாள் பாக்கியம்.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“அன்னிக்கி எப்படி வாசிச்சீங்க, காதெல்லாம் கிழியுற மாதிரி! மேற்படின்னு சொன்னீங்களா? பேரச் சொல்லித்தான வாசிச்சீங்க? அதே மாதிரி பேரச் சொல்லி வாசிங்க!”

வரிசையில் யாரும் அசையவில்லை. பேர் கொடுக்கவும் இல்லை. ஒரு கூடை தரையில் இறங்கியது, அடுத்து இன்னொன்று, அப்புறம் வரிசை முழுக்க. கிராணி மானேஜரைப் பார்த்தார். மானேஜர் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தம்பையா காகிதத்தை மறுபடி பிரித்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, “சவரிமுத்து!” என்று ஆரம்பித்தார். இந்த முறை கடைசி லயன் வரைக்கும் கேட்டது.